மூன்று நூல்

“எந்த லென்ஸ் சார் போட்டுக்கறீங்க?” என்று கேட்டார் கவுன்ட்டரில் இருந்த பெண். கேட்டுவிட்டு, ஹோட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டையை என் முன்னால் நகர்த்தினார். இந்திய லென்ஸ், வெளிநாட்டு லென்ஸ், மடியும் லென்ஸ், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒன்றாகவே வேலை செய்யும் லென்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை. கடைசி விலையைப் பார்த்ததும் எனக்குப் புரை இல்லாமலேயே கண் இருட்டியிருக்கும்.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். பொங்கலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்து பரண் மேலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினேன். “கண்ணு தெரியாத நேரத்துல ஏணியில ஏறணுமா?” என்றாள் மனைவி. பெட்டிக்குள் வெல்வெட் துணியில் சுற்றிய ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றும், நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருக்கின்றன. இரண்டுமே அப்பாவும் நானும் சேர்ந்து செய்தவை. அதில் ஒரு பொய் இருக்கிறது. அது மட்டும் நான் தனியாகச் செய்தது.

எங்கள் ஊர் ஜோலார்பேட்டை. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். 1985 கடைசியில், ஹாலி வால்நட்சத்திரம் வருகிறது என்று பத்திரிகைகள் எல்லாம் அமர்க்களப்படுத்திக்கொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை, ஆலங்காயம் வழியாக பஸ் பிடித்துக் காவலூர் வானியல் ஆய்வகத்துக்குப் போனோம். ஜவ்வாது மலையில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. சின்ன டெலஸ்கோப் ஒன்றில் வியாழனைக் காட்டினார்கள். பக்கத்தில் புதிதாக எழும்பியிருந்த பெரிய குவிமாடத்துக்குள் யாரையும் விடவில்லை. உள்ளே 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த டெலஸ்கோப் தயாராகிக்கொண்டிருந்தது. 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதைத் தொடங்கி வைத்தார். அதைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். அதற்கு இன்று அவர் பெயர்தான்.

அப்பாவுக்கு வியாழன் பெரிதாகப் படவில்லை. “அந்தப் பெரிய கண்ணாடி எங்க வாங்கினீங்க?” என்று அங்கிருந்தவரிடம் கேட்டார். கண்ணாடிப் பாளம் ஜெர்மனியிலிருந்து வந்தது, சூடு குளிருக்கு விரியாத சுருங்காத செரோடூர் என்ற வகை, ஆனால் தேய்த்து வளைவு கொண்டுவந்து பாலிஷ் போட்டது பெங்களூரில், ஜெயராஜன் என்பவரின் குழு என்று அவர் சொன்னார். “தேய்ச்சதா? லேத்துலயா?” என்றார் அப்பா. கண்ணாடியைக் கண்ணாடிக்குச் சரியாக்குவது லேத்தின் வேலை இல்லை, தேய்த்துத் தேய்த்துத்தான் கொண்டுவரணும், சின்னது என்றால் வீட்டிலேயே கையால் செய்யலாம் என்றார் அவர். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வாணியம்பாடி தாண்டியதும், “ஆறு அங்குலம் போதும்டா” என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

பெங்களூரில் இருந்த என் நண்பன் ஓர் அமெரிக்கப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினான். சென்னையில் ஒரு கடையில் சொல்லி வைத்து, ஓர் அங்குல கனத்தில் ஆறு அங்குல வட்டமாக இரண்டு கண்ணாடி வாங்கினோம். தார் டிரம் ஒன்றில் மணலை நிரப்பி வாசல் திண்ணையோரம் நிறுத்தினார் அப்பா. ஆடாமல் இருக்க வேண்டுமாம். ஒரு கண்ணாடியை அதன் மேல் பொருத்தி, நடுவில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கண்ணாடியை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். பத்துத் தள்ளுக்கு ஒருமுறை கையில் உள்ளதைக் கொஞ்சம் திருப்பி, டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகர வேண்டும். அவ்வளவுதான் வித்தை. மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது மேடாகும்.

கை நடுங்கும், தள்ளும் தூரம் முன்னே பின்னே ஆகும், அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது. இப்படித் தாறுமாறாகத் தேய்த்தால் கோணல் மாணலாகத்தானே வரும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது நேர் எதிர். எந்தப் பக்கம் திருப்பினாலும், எப்படி நகர்த்தினாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்காரக்கூடிய வளைவு, கோளத்தின் வளைவு ஒன்றுதான். எங்கே மேடு இருக்கிறதோ அங்கேதான் பொடி முதலில் கடிக்கும். கை எவ்வளவு தாறுமாறாகப் போகிறதோ, பிழைகள் அவ்வளவுக்கு ஒன்றையொன்று தின்றுவிடும். கடைசியில் கோளம்தான் மிஞ்சும். அளவுமானிகள் எல்லாம் வருவதற்கு முன்னாலேயே மனிதன் அவ்வளவு நுட்பமான லென்ஸ்கள் செய்தது இந்த ஒரு ரகசியத்தை வைத்துத்தான்.

அம்மாவுக்கு இந்த ரகசியம் எல்லாம் பிடிபடவில்லை. “தினமும் இந்த டிரம்மைச் சுத்தற நேரத்துக்கு நவக்கிரகத்தைச் சுத்தினா, பையனுக்கு வேலையாவது கிடைக்கும்” என்றாள். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தேன்.

முதலில் 80-ம் நம்பர் பொடி. சர்க்கரை மாதிரி இருக்கும். பிறகு 120, 220, 320 என்று ஏற ஏறப் பொடி மாவாகிக்கொண்டே போகும். ஒரு நம்பரிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது டிரம்மைக் கழுவி, திண்ணையைக் கழுவி, “போய் குளிச்சிட்டு வாடா” என்று என்னையும் அனுப்புவார் அப்பா. 80-ம் நம்பர் பொடி ஒன்றே ஒன்று நகக்கண்ணில் தங்கி, பாலிஷ் போடும்போது விழுந்தாலும் போச்சு. ஒரு மாச வேலைக்கு நடுவில் கோடு விழுந்துவிடும். மடியாக இருப்பது பற்றி எங்கள் வீட்டில் அம்மாவுக்கே அப்பா பாடம் எடுத்த காலம் அது.

குழியின் ஆழம் எவ்வளவு தெரியுமா? நாற்பத்தெட்டு அங்குலத்தில் குவிய வேண்டும் என்றால், ஆறு அங்குலக் கண்ணாடியில் நடுவில் 1.2 மில்லிமீட்டர் பள்ளம் போதும். அப்பா ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, ஃபீலர் கேஜ் தகடுகளை நுழைத்துப் பார்த்து, “நாப்பத்தேழு தௌ. கரெக்ட்” என்றார். தௌ என்பது ஃபிட்டர்களின் பாஷை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தௌ பிசகினால் என்ன ஆகும் என்று அவருக்கு முப்பது வருஷமாகத் தெரியும். புத்தகத்தைப் பார்த்து நான் அடுத்த கணக்கைச் சொன்னேன். பாலிஷ் முடியும்போது கண்ணாடியின் வளைவில் பிழை 0.07 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது, ஒரு தௌவை முந்நூற்றைம்பது துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு.

அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அதை எதை வச்சுடா அளக்கறது?”

சவர பிளேடை வைத்துத்தான். நான் விளையாடவில்லை. 1850-களின் கடைசியில் பாரிஸில் ஃபூக்கோ கண்டுபிடித்த முறை இது. பூமி சுற்றுவதை ஊசல் கட்டிக் காட்டினாரே, அதே ஃபூக்கோ. பவுடர் டப்பாவில் ஊசியால் ஓர் ஓட்டை போட்டு, உள்ளே டார்ச் பல்பை எரிய விட வேண்டும். கண்ணாடியை எட்டடி தள்ளி நிற்க வைக்க வேண்டும். ஓட்டையின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு புள்ளியாகக் குவியும். அதற்கு வெள்ளிப் பூச்சுகூட வேண்டாம். பாலிஷ் ஏறிய வெறும் கண்ணாடியே போதும். புள்ளிக்குப் பின்னால் கண்ணை வைத்துக்கொண்டு, பிளேடின் விளிம்பால் அந்தப் புள்ளியை மெதுவாக வெட்ட வேண்டும். கண்ணாடி சுத்தமான கோளம் என்றால் முழு வட்டமும் ஒரே சமயத்தில் சாம்பல் நிறமாக மங்கும். இல்லையென்றால், நிலவின் மேடு பள்ளம் போல நிழல்கள் எழும்பும். 0.07 மைக்ரான் மேடு கண்முன்னால் குன்று மாதிரி நிற்கும்.

அப்பா நம்பவில்லை. “இரு” என்று போய், தன் கட்டை விரலைக் கண்ணாடியின் மேல் அரை நிமிஷம் வைத்துவிட்டு வந்தார். பிளேடை நகர்த்தினேன். விரல் பட்ட இடத்தில் ஒரு கொழுக்கட்டை. உடம்புச் சூட்டில் கண்ணாடி அந்த இடத்தில் மட்டும் வீங்கியிருந்தது. அவரை உட்கார வைத்துக் காட்டினேன். கொழுக்கட்டை மெதுவாக அமுங்கி மறைகிற வரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை. “முப்பது வருஷம் சர்வீஸ்ல தௌதான்டா கடைசின்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார்.

அப்புறம் பாலிஷ். கீழ்க் கண்ணாடியின் மேல் கீல் போன்ற பிட்ச் என்ற பொருளை உருக்கி ஊற்றி, மேலே சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தேய்க்க வேண்டும். சீரியம் மோனசைட்டிலிருந்து வருகிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. கன்னியாகுமரி மணலை வைத்து வானத்தைத் துடைக்கலாம் என்பது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார்.

கோளமாக வந்ததை நடுவில் இம்மியளவு ஆழப்படுத்திப் பரவளையம் ஆக்க வேண்டும். அப்போதுதான் நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் சேரும். இங்கேதான் பொறுமை வேண்டும். பத்து நிமிஷம் தேய், இரண்டு மணி நேரம் ஆற விடு, சோதித்துப் பார், நோட்டில் எழுது. தேய்ப்பது அப்பா. சோதிப்பது நான். ராத்திரி மங்கல் வெளிச்சத்தில் தன் கண் சரிப்படவில்லை என்று அந்தப் பொறுப்பை அவர் என்னிடம் விட்டிருந்தார். ஒவ்வொரு ராத்திரியும் தெரிந்த நிழலைப் பென்சிலால் வட்டத்துக்குள் வரைந்து தேதி போட்டேன். ஹாலி வந்தது, அரைகுறையாகத் தெரிந்தது, போயும் போய்விட்டது. இனி 2061-ல்தான்.

மே மாதம் எனக்கு வேலைக்கான ஆர்டர் வந்தது. நாக்பூர். ஜூன் கடைசியில் சேர வேண்டும்.

அந்த வாரம் ஒரு ராத்திரி பிளேடை நகர்த்தியபோது வட்டம் அழகாக, ஒரே சீராக மங்கியது. ஆனால் ஓரத்தில் ஏதோ சரியில்லை. நல்ல கண்ணாடி என்றால் விளிம்பைச் சுற்றி முடி போல ஒரு வெளிச்சக் கோடு முழு வட்டமாகத் தெரியும். எங்கள் கண்ணாடியில் ஒரு பக்கம் கோடு இருந்தது, மறுபக்கம் இல்லை. புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயமே இருந்தது. ஓரம் இறங்கிவிட்டது. அவசரமாக, அழுத்தி, நீளநீளமாகத் தேய்த்தால் வரும். கடைசி இரண்டு வாரம் அப்பாவை அவசரப்படுத்தியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சரிசெய்ய ஒரே வழி, திரும்பவும் நைஸ் பொடிக்குப் போய் முதலிலிருந்து வருவது. குறைந்தது ஒன்றரை மாதம்.

நோட்டில் வட்டம் போட்டேன். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வெறுமை என்று உள்ளதை உள்ளபடி வரைந்தேன். பிறகு ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, முழு வட்டமாகக் கோட்டை இழுத்தேன்.

“ஓரம் எப்படிடா இருக்கு?” என்றார் அப்பா, சமையலறையிலிருந்து.

“நல்லாயிருக்குப்பா.”

பெங்களூருக்குக் கொண்டுபோய் அலுமினியப் பூச்சு போட்டு வந்தோம். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். பி.வி.சி. குழாய், மரத் தாங்கி எல்லாம் அப்பா முன்பே செய்து வைத்திருந்தார். ஜூன் மாதம், நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், விருச்சிகத்துக்குப் பக்கத்தில் சனி பளிச்சென்று இருந்தது. தெருவே மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. வளையத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தினார்கள். அம்மா மட்டும் கிட்டே வரவில்லை. “சனியை யாராவது நேருக்கு நேர் பார்ப்பாங்களா? கோயில்லயே பக்கத்துலேர்ந்துதானே கும்பிடறோம்?” அதற்கு அப்பா, “இதுவும் பக்கவாட்டுல நின்னு பார்க்கறதுதான், தோஷமில்லே வா” என்றார். உண்மைதான். நியூட்டன் பாணி டெலஸ்கோப்பில் கண்ணை வைக்கும் இடம் குழாயின் பக்கவாட்டில்தான் இருக்கும்.

அப்பா கடைசியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: “வளையம் தெரியுது. ஆனா சுத்தி ஒரு புகை மாதிரி இருக்கு. என் கண்ணுலதான் பூ விழுந்திருக்கு போல.”

நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். “டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா” என்றேன்.

நாலு வருஷம் கழித்து, 1990 ஜூலையில் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். காலையில் அப்பா பேப்பரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “அமெரிக்காக்காரன் டெலஸ்கோப் கதையைப் பார்த்தியாடா?” ஏப்ரலில் விண்வெளிக்கு அனுப்பிய ஹப்பிள். கண்ணாடி 2.4 மீட்டர், ஏறக்குறைய நம் காவலூர்க் கண்ணாடியின் அளவுதான். மேலே போன பிறகுதான் தெரிகிறது, படம் எல்லாம் மங்கல். கண்ணாடியைத் தப்பாகத் தேய்த்திருக்கிறார்கள்.

“செஞ்சவன் டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்க மாட்டானா?” என்றார்.

“பார்த்திருப்பான்.”

“அப்ப தெரிஞ்சிருக்குமே?”

நான் காபி டம்ளருக்குள் பார்த்தேன்.

தெரிந்திருக்கிறது. அந்த வருஷக் கடைசியில் வந்த விசாரணை அறிக்கையில் எல்லாம் வெளியானது. பெர்க்கின்-எல்மர் கம்பெனி அந்தக் கண்ணாடியை 1981-ல் முடித்திருந்தது. அதுவரை உலகத்தில் செய்த பெரிய கண்ணாடிகளில் அவ்வளவு வழவழப்பானது வேறு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தப்பான வளைவுக்கு வழவழப்பாக்கிவிட்டார்கள். வளைவைச் சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸை அதன் இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். இடைவெளியை அளக்கும் கோலின் முனையில் ஒரு மூடி. ஒளி பட்டுத் திரும்பாதபடி அதற்குப் பூச்சு. அந்தப் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. அளக்கும் கதிர், கோலின் நுனியில் படுவதற்குப் பதில் மூடியில் பட்டுத் திரும்பிவிட்டது. லென்ஸ் சரியாக உட்காரவில்லையே என்று பார்த்தவர்கள், கணக்கைச் சந்தேகப்படாமல், நடுவில் வாஷர் செருகி உட்கார வைத்தார்கள். சாதாரண வாஷர். விளைவு, கண்ணாடியின் ஓரம் 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு.

இதில் என்னைத் தூங்க விடாத விஷயம் வேறு. வேறொரு எளிய கருவியை வைத்துச் சோதித்தபோது, ஏதோ தப்பு இருக்கிறது என்று அது காட்டியிருக்கிறது. அந்தக் கருவி அவ்வளவு துல்லியமானதில்லை, பெரிய கருவி சொல்வதுதான் சரி என்று ஒதுக்கிவிட்டார்கள். காலக்கெடு நெருங்கியது, செலவு ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் யாரும் ரப்பர் போட்டு அழிக்கவில்லைதான். ஆனால் நாக்பூர் ஆர்டர் மாதிரி ஒன்று அவர்கள் மேஜையிலும் இருந்திருக்கிறது.

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய் ஹப்பிளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தார்கள். நாணயம் அளவுக்குக் குட்டிக் கண்ணாடிகள், இணை இணையாக. பெரிய கண்ணாடியில் இருந்த தப்புக்கு நேர் எதிரான தப்பு அவற்றில். எவ்வளவு பிழை, எந்தத் திசையில் பிழை என்று துல்லியமாகத் தெரிந்ததால் அப்படிச் செய்ய முடிந்தது. அந்தப் பெட்டியை 2009-ல் கழற்றிக் கொண்டுவந்து மியூசியத்தில் வைத்துவிட்டார்கள். பிறகு பொருத்திய கேமராக்கள் உள்ளுக்குள்ளேயே திருத்தத்தோடு செய்யப்பட்டவை.

அப்பாவுக்கு நிஜமாகவே புரை வந்தது. 1999-ல், ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் கழித்து. ஆபரேஷன் முடிந்ததும் அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, “உள்ளே வச்ச லென்ஸ் யார் தேய்ச்சது?” மதுரை ஆரோலேப் என்றார்கள். 1992-ல் தொடங்கிய தொழிற்சாலை. வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அதில் ஒரு சின்னப் பங்கு விலைக்கு இங்கேயே செய்து உலகத்துக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். பட்டாணி அளவு பிளாஸ்டிக் வில்லை. அதிலும் வளைவு, அதிலும் பாலிஷ், அதிலும் மைக்ரான். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, ஆளுக்கு ஆள் பவர் கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

அந்தக் கணக்கும் ஒரு தப்பில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போனது. அது உள்ளே கிடந்தும் கண் அதை எதிர்க்காமல் சும்மா இருந்ததை லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பரில் ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். லென்ஸ் உட்கார்ந்துகொண்டது, ஆனால் பவர் எக்கச்சக்கமாகப் போய், அந்த அம்மாவுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. ரிட்லி அடுத்த லென்ஸ்களில் வளைவை மாற்றினார்.

கட்டுப் பிரித்த அன்று அப்பா போன் பண்ணினார். “பக்கத்து வீட்டுச் சுவர் நீலம்டா! இத்தனை நாள் பச்சைன்னு நினைச்சிட்டிருந்தேன்.” பத்து நிமிஷம் நிறங்களைப் பற்றியே பேசினார். நான் சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இனி அவர் கண்ணில் பூ இல்லை.

2000 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டேன். கூடத்தின் ஒரு கோடியில், மரத் தாங்கியில் கண்ணாடி நின்றுகொண்டிருந்தது. எட்டடி தள்ளி முக்காலியில் அதே பவுடர் டப்பா. பக்கத்தில் பாதி பிளேடு. பதினாலு வருஷத்தில் அலுமினியப் பூச்சு அங்கங்கே பொட்டு விட்டிருந்தது.

“வா. கை கால் கழுவிட்டு உட்கார்” என்றார் அப்பா. “பார்த்துச் சொல்லு.”

விளக்கை அணைத்தார். நான் உட்கார்ந்தேன். கை நடுங்கியதால் பிளேடு முதலில் தாவிவிட்டது. இரண்டாம் தரம் வட்டம் சீராக மங்கியது. ஒரு பக்கம் முடி போலக் கோடு. மறுபக்கம் இல்லை. எதுவும் மாறவில்லை, கண்ணாடி என்ன, மனுஷனா மாறுவதற்கு?

“ஓரம் இறங்கியிருக்குப்பா.”

“எப்பலேர்ந்து?”

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“அப்பவேப்பா. எனக்குத் தெரியும்.”

கொஞ்ச நேரம் டார்ச் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் அடுத்து வரப்போவதற்குக் காத்திருந்தேன். இளைஞனாக இருந்தபோது அவரிடம் வாங்கிய அடிகள் ஞாபகம் வந்தன. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

“மூணு நூல் இருக்கும்னு நினைக்கிறேன்” என்றார் அப்பா. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். “நாலு நாளா பார்த்துக்கிட்டே இருக்கேன். மூணு நூலுக்கு உள்ளே சுத்தமா இருக்கு. நல்லாவே தேய்ச்சிருக்கோம்.”

விளக்கைப் போட்டார். அலமாரியிலிருந்து கறுப்பு சார்ட் அட்டையில் வெட்டிய வளையம் ஒன்றை எடுத்தார். வெளி விட்டம் ஆறு அங்குலம், உள் விட்டம் ஐந்தேகால். அதைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால் கெட்டுப்போன ஓரம் மட்டும் மறைந்துவிடும். ஆறு அங்குலக் கண்ணாடி ஐந்தேகால் அங்குலக் கண்ணாடியாகிவிடும். வெளிச்சத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம். மிச்சம் இருப்பது சரியான கண்ணாடி. புத்தகத்திலும் இந்த வழி ஒரு வரியில் இருந்தது. நான் பதினாலு வருஷமாக அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ராத்திரி ஏழு மணிக்கு மாடிக்குப் போனோம். தை மாத வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேலே வியாழனும் சனியும் அருகருகே. அப்பா முதலில் பார்த்தார். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. என் மகள் முழங்காலைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். புகை இல்லை. வளையம் கத்தியால் செதுக்கினது போல நின்றது. வளையத்துக்கு நடுவே, பென்சிலால் இழுத்தது மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. காசினி இடைவெளி. 1986-ல் தெருவே பார்த்தும் ஒருத்தருக்கும் தெரியாத கோடு.

மகள் பார்த்தாள். அம்மாவும் வந்து, பக்கவாட்டில் நின்று, பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கீழே வந்ததும் அப்பா நோட்டைக் கேட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். ரப்பர் போட்ட இடம் காகிதத்தில் இன்னும் மினுமினுத்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பென்சில் கோட்டை ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘3 நூல்’ என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டார். பிறகு நோட்டை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னார்.